அணிலுக்குப் போன பல்

யுத்தம் முடிந்து ஐந்தாம் வருடம், மாம்புரியில் ஒரு தென்னந்தோட்டத்தில் கிணறு வெட்டியபோது ஒன்பது எலும்புக்கூடுகள் கிடைத்தன. நானூறு வருடங்களுக்கு முன் எந்த நோய் அவர்களை ஒரே குழியில் தள்ளியது என்பதைப் பற்கள் சொல்லும் என்றாள் ஆய்வாளர் தர்சிகா. நோய்க்கிருமியின் மரபணு பல்லுக்குள் அழியாமல் கிடக்குமாம். அவள் வேரைத் துளைத்துப் பொடியெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினாள். மிச்சப் பல்லை உறையிலிட்டு எண் எழுதுவது, தில்லையடியிலிருந்து வேலைக்கு வரும் ஹஃபீலாவின் பொறுப்பு.

ஏழாம் பெட்டியில் இருந்தது ஆறு வயதுப் பிள்ளையின் கீழ்த்தாடை. முன் பாற்பல் ஒன்றைக் கழற்றவே தர்சிகா படாதபாடு பட்டாள். மற்றவை கல்லில் பதித்ததுபோல் இருந்தன.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. பிளேக்தான். தர்சிகா ஏழாம் உறையைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"கூரைக்கு எறிஞ்சிட்டன் மிஸ்," என்றாள் ஹஃபீலா. "பால்பல்லக் கண்டதும் கை தன்னால போயிட்டு. என்ட மூணு புள்ளைகளுக்கும் அப்பிடித்தான், அணிலுட்ட புதுப்பல்லுக் கேட்டு எறிஞ்சன்."

"அக்கா, உங்கட வேலையும் போகும், என்ட வேலையும் போகும்!"

தர்சிகா கோபத்தோடு பெட்டியைத் திறந்தாள். பல் கழற்றிய குழியில் அரிசிமணியளவு வெள்ளையாய் ஒன்று முளைத்திருந்தது. கழற்றிய அன்று எடுத்த படத்தில் அங்கே வெறும் குழிதான்.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றாள் ஹஃபீலா.

தர்சிகா தாடையை இரு கைகளிலும் ஏந்தினாள். பக்கத்துப் பல்லை விரல்நுனியால் மெல்லத் தொட்டாள்.

அது ஆடியது.