வஜீஹின் ஆராய்ச்சி

"மாமா, என் ஆராய்ச்சி மொத்தமும் கம்ப்யூட்டர்ல அழிஞ்சுபோச்சு. மறுபடி எழுதிப் பட்டம் வாங்கற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிவைக்கணும்" என்றான் வஜீஹ், என் மகள் நஷ்வாவுக்கு நிச்சயித்த பையன். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த இரண்டாவது பொரித்த புறாவைப் பிய்த்தான். நிச்சயமானதிலிருந்து வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான்.

"இவ்வளவு துக்கத்துலயும் உனக்குப் பசிக்குதே தம்பி" என்றேன்.

நஷ்வாதான் பதறினாள். "கவலைப்படாதீங்க. கம்ப்யூட்டரே அப்பப்ப எல்லாத்தையும் நகல் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கும். நான் மீட்டுத் தர்றேன்."

"வேணாம் நஷ்வா, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"மூணு வருஷ உழைப்பாச்சே!" என்று அவன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துவிட்டாள்.

போன மாத நகல் திறந்தது. ஒரே பக்கம். "தந்தையைப் போல என்னைத் தாங்கும் மாமனார் ஹாஜ் ஸக்கி அவர்களுக்குச் சமர்ப்பணம்." என் பெயர்! படித்தவன் எவனையும் நம்பாத எனக்கே கண் கலங்கியது.

"மிச்சம் பழைய நகல்ல இருக்கும்ப்பா" என்று போன வருடத்தைத் திறந்தாள். அதே பக்கம், அதே வரி. மாமனார் மட்டும் ஹாஜ் அப்துஷ்ஷாஃபி. அதற்கு முந்தின வருடம், மீன் மண்டி ஹாஜ் முத்வல்லி.

நஷ்வா மோதிரத்தைக் கழற்றி அவன் தட்டில் போட்டாள்.

"எழுந்திரிங்க டாக்டர்" என்றேன். "என் பேரை அழிச்சிட்டா இந்த வருஷத்து ஆராய்ச்சி முடிஞ்சுது."