ராக் திருவின் மூன்றாவது படம்

திரையில் தம்பி கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கியதும் மண்டபத்தில் விசில் பறந்தது.

தங்கமணிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் "எந்தம்பி" என்றாள். அன்றைக்கு மீன் ஏலத்துக்குக்கூடப் போகாமல், இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நாகப்பட்டினத்து சினிமா ரசிகர்கள் கூடி நடத்திய பாராட்டு விழா அது.

மீனவர் குப்பத்திலிருந்து மெட்ராசுக்குப் போன திருமுருகன், ராக் பாட்டைத் தமிழில் பாடிப் பேர் வாங்கி, சினிமாவுக்குள் நுழைந்து 'ராக் திரு' ஆனான். முதல் படத்தில் கிளப்பில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் காணாமல் போனான். அடுத்ததில் வில்லனின் கையாள். சாகும்போதும் கிட்டாரோடு செத்தான். மூன்றாவதில்தான் கதாநாயகன்.

அது ஓடவில்லை. நாகப்பட்டினம் பக்கமே வரவில்லை. அதோடு சினிமா அவனைக் கைவிட்டது. கப்பலிலும் ஓட்டலிலும் பாடிப் பிழைத்தான்.

இப்போது யாரோ அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதில் வரும் ஒரு காட்சியைப் பிள்ளைகள் போனில் பரப்புகிறார்களாம். அதனால்தான் தம்பிக்கு முன்வரிசை சோபா, கழுத்தில் மாலை.

தங்கமணி அந்தப் படத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

பெரிய பாடகன் ஜானியாக வரும் தம்பி, பங்களா வாசலில் பணக்கார நண்பர்களோடு நிற்கிறான். கேட்டைத் தாண்டி ஒரு பெரியவர் உள்ளே வருகிறார். மடித்துக் கட்டிய வேட்டி. தோளில் துண்டு. கையில் மஞ்சள் பை.

முகம் தெரிவதற்கு முன்பே, நடையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா.

சுனாமி வீட்டில் ஒரு போட்டோவைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவர் வலது காலைக் கொஞ்சம் இழுத்தபடி நடந்து வருகிறார்.

தங்கமணி நாற்காலி நுனிக்கு வந்தாள். சந்தோஷம்தான். அப்பா சினிமாவில் நடித்திருக்கிறார்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்!

"ஏ நண்டு..." என்று பெரியவர் கூப்பிட்டார்.

மண்டபம் சிரித்தது.

தங்கமணி சிரிக்கவில்லை. படத்தில் தம்பியின் பெயர் ஜானி. நண்டு என்பது, ஓரிடத்தில் நிற்காமல் மணலில் ஓடித் திரிந்த பிள்ளைக்கு அப்பா வைத்த பெயர். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

திரையில் தம்பியின் கண் ஒரு கணம் பக்கவாட்டில், கேமரா இருந்த பக்கம் போய்வந்தது. அப்புறம்தான் பேசினான்.

"யாருய்யா நீ? யாரு இந்த ஆள உள்ள விட்டது?"

பெரியவர் முதலில் சிரித்தார். பிள்ளை விளையாடுகிறான் என்று நினைத்த சிரிப்பு. பையை நீட்டினார். காவலாள் ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ள, பை விழுந்து கருவாடு சிதறியது. அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது, எப்படிப் போவதென்று தெரியாததுபோல.

பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

கேமரா கடைசிவரை அவரை விடவில்லை.

மண்டபமே கைதட்டியது. தங்கமணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வஞ்சிரக் கருவாடு எடுத்துக்கொண்டு ஒருமுறை மெட்ராசுக்குப் போன அப்பா, அதே கருவாட்டோடு திரும்பி வந்தார். எல்லாம் மண்ணாக இருந்தது. "பாக்க முடியல. வேலையா இருக்கான்" என்றார். அதற்குப் பிறகு மகன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

தங்கமணியின் மகளுக்குக் காது குத்தியபோது தம்பி வந்து நின்றான். அப்பா எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

பெற்ற பிள்ளையின் வளர்ச்சி பொறுக்காத மனுஷன் என்று குப்பம் முழுக்கச் சொன்னவள் தங்கமணிதான். அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னாள். அலை வந்த காலையிலும் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை.

விளக்குகள் எரிந்தன. விழாவை நடத்திய கல்லூரி ஆசிரியை ஜெயபாரதி மைக்கோடு தம்பியின் அருகே வந்தாள்.

"சார், அந்தப் பெரியவர் யாருங்க? டைட்டில்ல பேரே இல்ல. என்னமா நடிச்சிருக்காரு!"

தம்பி மாலையைச் சரிசெய்துகொண்டான். அக்கா இருந்த பக்கம் திரும்பவில்லை.

"யாரோ துணை நடிகருங்க. பேரு ஞாபகத்துல இல்ல."

தங்கமணி எழுந்தாள். தம்பியை வாழ்த்தப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். ஜெயபாரதி சிரித்தபடி, "சாரோட அக்கா" என்று சொல்லி மைக்கைக் கொடுத்தாள்.

மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஏலத்தில் கத்துகிற குரல்தான் வந்தது.

"அவரு பேரு உலகநாதன். எங்க அப்பா."

மண்டபம் மறுபடி கைதட்டியது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நடித்த படம் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். தம்பி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் அடங்கும்வரை தங்கமணி காத்திருந்தாள்.

"அவரு நடிக்கலீங்க" என்றாள்.