பெட்டிக்குள் ஒரு முகம்

யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நோரா டியர்னி அந்த இளைஞனின் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பக்கத்து நாற்காலி மேபல் அதைப் பார்த்துவிட்டாள்.

"இந்த வயசுல உனக்குப் பந்தாட்டக்காரன் கேக்குதா, நோராக்கா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. நோரா அடுத்த பெட்டியை எடுத்தாள்.

நியூயார்க்கின் அந்தச் சிகரெட் ஆலையில் பெண்களுக்கு வேலை, சிகரெட்டைப் பெட்டியில் அடுக்கி, அது நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டையை நுழைத்து மூடுவது. வெறுமையாகப் போய்க்கொண்டிருந்த அட்டையில் முதலாளி இந்த வருடம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தை ஒட்டிவிட்டார். படத்துக்காகவே ஆண்கள் அடுத்த பெட்டி வாங்கினார்கள்.

நோரா எடுத்ததெல்லாம் ஒரே ஆளின் படம். எட் ஹார்லன் என்று கீழே பெயரும், அவன் ஆடும் அணியும் போட்டிருந்தது. படமெடுப்பதற்காகக் கூரையிலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்ட பந்தை, ஏதோ வானத்திலிருந்து விழுவதைப் பிடிப்பவன் போல முறைத்துக்கொண்டு நின்றான்.

தன் கைக்கு வந்த ஹார்லனை அவள் பெட்டிக்குள் போகவிட்டதில்லை. ஆனால் மற்ற மேஜைகளை என்ன செய்வது? அங்கே அதே முகம் பெட்டி பெட்டியாக ஊர் ஊருக்குப் போவதைப் பார்த்து அவள் மாதாவிடம் அழுது வேண்டினாள்.

மேபலுக்கு வாய் சும்மா இருக்குமா? விஷயம் மேஸ்திரி க்ராவுஸின் காதுக்குப் போனது. மத்தியானம் நோராவை அறைக்குக் கூப்பிட்டு, சட்டைக்குள் இருப்பதை எடுத்து வைக்கச் சொன்னார். கடை வாசலில் பையன்கள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள், நீ யாருக்கு விற்கிறாய் என்று கேட்டார்.

விற்கவில்லை என்று நோரா சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை.

"திருட்டுன்னா போலீஸைத்தான் கூப்பிடணும்."

நோரா கதவை மறித்து நின்றாள். "அது மட்டும் வேண்டாங்க ஐயா. அவன் என் மகன்."

க்ராவுஸ் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதே அகன்ற தாடை, அதே விடைத்த காது. பெயர் மட்டும்தான் வேறு. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பந்தாட்டக்காரன் என்றால் குடிகாரன், காலிப்பயல் என்று வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பதால் பல பேர் பொய்ப் பெயரில்தான் ஆடினார்கள். க்ராவுஸின் சொந்தத் தம்பியே அப்படி ஆடியவன்.

அவர் குரல் இறங்கிவிட்டது. பெற்றவள் பிள்ளை முகத்தை எடுத்து வைத்துக்கொண்டதைத் திருட்டு என்று சொன்னால் தன் நாக்கு அழுகிப் போகும் என்றார். அட்டைகளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன்தான்.

அதற்குப் பிறகு அவள் மேஜைக்கு ஒரு ஹார்லன்கூட வரவில்லை. மற்ற மேஜைகளிலும் காணோம்.

"உன் ஆளு எங்கக்கா ஓடிட்டான்?" என்று மேபல் சீண்டினாள்.

நோராவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் அழுது வேண்டியது மாதாவின் காதில் விழுந்துவிட்டது என்று சிலுவை போட்டுக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு, முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பெட்டிகளை அடுக்கினாள்.

சாயங்கால மணி அடித்ததும் க்ராவுஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வேலைக்குச் சேரும்போது சொந்த ஊரு கெரிவில்னு சொன்னேல்ல? மிச்சமிருந்த உன் மகன் அட்டை மொத்தத்தையும் அந்த ஊருக்குப் போற சரக்குலயே போடச் சொல்லிட்டேன். நாளையிலருந்து உங்க ஊர்ல எவன் பெட்டியைத் திறந்தாலும் உன் பிள்ளைதான்."

நோரா வாசலைப் பார்த்து எழுந்தாள். சரக்கை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். ரயில் அப்போதே போய்விட்டது என்றார் அவர். இனி அவள் ஓடியும் பயனில்லை, அழுதும் பயனில்லை.

"ஏம்மா, உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

"அவனைத் தேடுற எங்க ஊர் போலீஸுக்கு, அவன் எந்தப் பேர்ல எங்க இருக்கான்னு மட்டும்தான் ஐயா தெரியாம இருந்துச்சு."