பால் தட்டு

ஆய்வுக்கூட மேசையில் மதிய வெயில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. ஆய்வாளர் ரெபேக்கா மூடிய கண்ணாடித் தட்டுகள் இரண்டை அதில் வைக்கிறார். இரண்டிலும் உறைந்த பாலின் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறப் பஞ்சுப் பொட்டு. கரும்புத் தோகை கீறிய என் இடது கண்ணிலிருந்து போன வாரம் சுரண்டியெடுத்த பூஞ்சை அது. இன்னும் ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அசையுமா தாயி?" என்கிறேன். "அசையாதுண்ணே. திங்கும், அவ்வளவுதான்." முதல் தட்டில் பொட்டைச் சுற்றிப் பால் வட்டமாகக் கரைந்து, அடியிலுள்ள மேசைக் கீறல் தெரிகிறது. "அது கக்குற என்சைம் பாலைக் கரைக்குது. உங்க கருவிழியையும் இப்படித்தான்." கைக்குழந்தைக்குச் சேலைக்குள் பால் கொடுத்தபடி நிற்கும் மதினியின் முகம் வெளுக்கிறது. தோகை கீறிய அன்று என் கண்ணில் தாய்ப்பாலைப் பீய்ச்சியவள் அவள்தான். "அதுக்கும் நாந்தான் ஊட்டிருக்கேன் போல, கொழுந்தனாரே." இரண்டாம் தட்டில் பொட்டு இருக்கிறது, பாலும் கரையாமல் இருக்கிறது. "இதுல புது மருந்து கலந்திருக்கோம். பூஞ்சை சாகல, வாயை மட்டும் கட்டிருக்கோம்." "அதை என் கண்ணுல விட்டுப் பாரேன்." "இன்னும் முயல் கண்ணுலகூட விடலண்ணே. உங்களுக்குப் பழைய சொட்டுதான்." குழந்தை சப்பிக்கொண்டே இருக்கிறது. நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தட்டுகளின் மேல் குனிகிறேன். கரைந்த வட்டத்தைக் காணோம். இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்கின்றன.