பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

"பிள்ளையள் எத்தினை?"

"ஒண்டு, மடம். மூண்டு வயசு."

மாங்குளத்தில் திறக்கவிருந்த புதிய வங்கிக் கிளையின் உதவி முகாமையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. ஜெயபுரத்திலிருந்து வந்திருந்த றஜிக்கு வங்கி வேலை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் வந்திருந்தது. வேலை கிடைத்துவிடும் போலவே இருந்தது!

ஆனால் முகாமையாளர் ஜெகதீஸ்வரி விடுவதாயில்லை.

"வேலை முடிய ஆறு மணியாகும். வீட்டில ஆர் சமைக்கிறது?"

"விடியவே சமைச்சு வைச்சிட்டு வெளிக்கிடுவன், மடம்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?"

"நான்தான் லீவு போடுவன். விட்ட வேலையை அடுத்தநாள் நிண்டு முடிச்சுத் தருவன்."

"அடுத்த பிள்ளைக்கு யோசினை இருக்கோ?"

அதற்குமேல் றஜிக்குப் பொறுக்கவில்லை. மீசையில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"குறை நினைக்காதேங்கோ மடம். இதெல்லாம் பொம்பிளையளிட்டத்தானே கேக்கிறவை?"

ஜெகதீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓம் தம்பி, என்னட்டயும் கேட்டவை. அதுதான் இண்டைக்கு வந்த எல்லாரிட்டயும் கேட்டனான். திங்கக்கிழமை வேலைக்கு வாங்கோ. 'அதெல்லாம் மனிசி பாத்துக்கொள்ளுவா' எண்டு சொல்லாத முதல் ஆம்பிளை நீங்கள்தான்!"