பத்துக்குப் பத்து

தேக்காவில் எங்கள் தபால்தலைச் சங்கத்தில், ஏலம் முடிந்ததும் விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் அட்டை எழுதவேண்டும். மூன்று முறை குறைந்த மதிப்பெண் வாங்கியவரை நீக்கிவிடுவார்கள். தாமதமாக அனுப்பியதற்காக எனக்கு இரண்டு முறை குறைந்திருந்தது.

1979 மார்ச்சில் என் தபால்தலையை ஏலம் எடுத்தவர் எட்மண்ட். நான் அனுப்புவதற்குள் அவர் இறந்துவிட்டார். தபால்தலையை வைத்து ஒட்டிய உறை என் மேசையிலேயே கிடந்தது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, செயலாளர் லீலா ஓர் அட்டையைக் காட்டினார். எட்மண்டின் கையெழுத்து. லீலா காட்டியதற்கு முந்தைய நாள் தேதி. ‘கிடைத்தது. பத்துக்குப் பத்து.’

“தப்பிச்சிட்டே லா, உர்சுலா. நீயும் அவருக்கு மார்க் போட்டுக் குடு.”

“அவருதான் இறந்துட்டாரேக்கா.”

“அட்டை வந்துடுச்சில்ல. போடணும்.”

வீட்டில் உறை ஒட்டியபடியே இருந்தது. கிழித்துப் பார்த்தேன். உள்ளே தபால்தலை இல்லை.

நானும் அவருக்குப் பத்து போட்டேன்.