வராத செம்பு

முதலில் எனக்குத் துரோகம் செய்தது செம்புதான். இரும்பை உருக்கும் ஆலையில் நானும் தம்பியும் இரும்புக் குழம்பாகப் பக்கத்துப் பக்கத்து உலைகளில் கொதித்துக்கொண்டிருந்தோம். செம்பு அவன் உலைக்குள் குதித்துவிட்டு, "இதோ உங்ககிட்டயும் வந்துடறேன் அண்ணே" என்றது. வரவேயில்லை.

எங்களைத் தூண்களாக்கி, ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுமக்க நிறுத்தினார்கள். முதல் மழையில் இருவருமே சிவந்தோம்.

"செம்பு தின்னவனுக்கும் துருவா?" என்று சிரித்தேன்.

"இருக்கட்டும் அண்ணே" என்றான் தம்பி.

நாலு வருடத்தில், உள்ளே கலந்த செம்பின் தயவால் அவன் துரு கறுத்து, தோல் போல ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் மழை உள்ளே போகவில்லை. என் துரு அப்பளம் போல உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் பிடித்தது.

ஒருநாள் பெயிண்டர் ஒரே ஒரு டப்பாவோடு வந்தான். முந்தின நாள் காற்றில் துரு உதிர்ந்து நான் வெளுத்திருந்தேன். அவன் கறுத்த தம்பியைப் பார்த்து, "இதுதான் ரொம்பக் கெட்டுப்போச்சு" என்று முழு டப்பாவையும் அவனுக்கே பூசிவிட்டான்.

"நான் கேக்கலையே அண்ணே."

"வேண்டாம்னும் சொல்லலையே."

இப்போது என் கால் இற்றுப்போய்விட்டது. தொட்டி என் பக்கம் சாய்கிறது. மேலே தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, கெட்டியா நில்லுங்க. நீங்க விழுந்தா நானும் விழுவேன்" என்று தம்பி கெஞ்சுகிறான்.

"என் பங்குச் செம்பு வந்து சேரட்டும். அப்புறம் நிற்கிறேன்" என்கிறேன்.